பார்த்தது அந்தப் படம்தானா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1922-இல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தை வாடகைக்கு எடுத்ததாகவும், அதில் எல்லாரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுவதாகவும், இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நிறுத்தியதில் தப்பே இல்லை. ஆனால் ஓடியது அந்த மனிதர்கள் இல்லை, உனக்குக் கிடைத்த பிரதி. ஒரு படத்தைப் பற்றி நல்லது கெட்டது சொல்வதற்கு முன்னால் நாம் பார்த்தது அந்தப் படம்தானா என்று ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். இந்த மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவற்றை வைத்தே அதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓட்டம். மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் (அசையாத தனிப்படம்) வரை, சுற்றுகிறவர் கையைப் பொறுத்துக் கூடும், குறையும். 1920-களின் கடைசியில் ஒலி வந்தபிறகுதான் 24 என்று நிலையாக நின்றது. வேகம் ஆடினால் குரலும் ஆடும் என்பதால் வந்த கட்டாயம் அது. 18 ஃபிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் நடை மூன்றில் ஒரு பங்கு வேகமாகிவிடும். ஒரு மணி நேரப் படம் 45 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் மௌனப் படம் எடுக்கும்போது வாடகைப் பக்கத்தில் நடிகர் பட்டியலைவிட ஓடும் நேரத்தைப் பார். 'நானூக்' ஏறத்தாழ 79 நிமிஷம் இருக்க வேண்டும். ஐம்பது சொச்சம் என்று போட்டிருந்தால் வேகமாக ஓட்டியதாக இருக்கும், இல்லை வெட்டியதாக இருக்கும். இரண்டுமே வேண்டாம்.

ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது என்றால் ஒரு வழி உண்டு. பிளேயரில் வேகத்தை 0.75-ஆகக் குறைத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பார். வேகம் சரியா என்று கண்டுபிடிக்க மனிதர்களின் முகத்தைப் பார்க்காதே. புகை, தண்ணீர், கீழே விழும் பொருள், இந்த மூன்றையும் பார். மனிதன் அவசரமாக நடக்கலாம், புகை அவசரப்படாது. ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்திலேயே சில படங்களை, எடுத்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திரையிட்டார்கள். அதனால் கண்ணுக்கு லேசான துரிதம் தெரிந்தால் அதைத் திருத்தக் கிளம்பாதே. வேகத்தை ரொம்பக் குறைத்தால் எல்லாரும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல ஆகிவிடும். அது இன்னும் பெரிய தப்பு.

இனி படத்துக்கு வருகிறேன். ஆர்க்டிக்கில் நானூக் என்ற இனூயிட் வேட்டைக்காரரும் அவர் குடும்பமும் வாழ்வதைக் காட்டுவது அது. அதை இயக்கிய ராபர்ட் ஃபிளாஹர்டி அதற்கு முன்பே ஆர்க்டிக்கில் எடுத்து வைத்திருந்த நெகட்டிவ் முழுவதும் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோனது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். திரும்பப் போய் எடுத்ததுதான் நீ பாதியில் விட்ட படம். அதில் குடும்பம் உறங்கி எழும் பனிவீட்டைக் கவனி. உள்ளே அவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? உண்மையான இக்ளூவில் கேமராவும் நுழையாது, அந்த ஃபிலிமுக்குப் போதுமான ஒளியும் கிடைக்காது. அதனால் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒன்று கட்டி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டு எடுத்தார்கள். அவர்கள் குளிரில் விழித்தெழுந்து சட்டை போடுவது வெட்டவெளியில்தான். நானூக்கின் உண்மைப் பெயர் அல்லாகரியால்லாக். மனைவியாக வருகிறவர் அவர் மனைவி அல்ல. கிராமஃபோன் தட்டைக் கடித்துப் பார்க்கிறாரே, அதுவும் நடிப்பு.

அப்படியானால் எல்லாம் பொய்யா என்று கேட்பாய். வால்ரஸ் வேட்டையைத் திரும்பப் பார். அந்தக் காலத்திலேயே அவர்கள் கையில் துப்பாக்கி வந்துவிட்டது. பழைய முறையில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னவர் ஃபிளாஹர்டி. விலங்கு கயிற்றோடு ஆட்களைக் கடலுக்கு இழுக்கும்போது துப்பாக்கியை எடு என்று அவர்கள் கத்தினார்கள். புரியாததுபோலக் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். ஆக, ஏற்பாடு பொய், ஆபத்து நிஜம். ஒரே ஷாட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆவணப்படம் பார்க்கும்போது 'இது உண்மையா' என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். 'இந்த ஷாட் கிடைக்கக் கேமரா எங்கே நின்றிருக்க வேண்டும், யார் யாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்' என்று கேள். பாதிப் பதில் திரையிலேயே இருக்கும். கடல்நாய் (சீல்) வேட்டையில் நானூக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறாரே, கயிற்றின் மறுமுனையை இழுத்தது சட்டகத்துக்கு வெளியே நின்ற ஆட்கள். இழுப்பின் தாளத்தைப் பார்த்தாலே இது விலங்கு இழுக்கிற மாதிரி இல்லையே என்று சந்தேகம் வரும்.

அடுத்து பார்த்தது இதே வேகப் பிரச்சினையைப் பெரும் செலவில் சரிசெய்த படம்: பீட்டர் ஜாக்சனின் 'தே ஷால் நாட் குரோ ஓல்டு', 2018. முதல் உலகப் போர்க் காட்சிகள், பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருந்தவை. நொடிக்கு 10 முதல் 18 ஃபிரேம் வரை ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு வேகம். எல்லாவற்றையும் 24-க்குக் கொண்டுவர, இல்லாத ஃபிரேம்களைக் கணினி இடையில் வரைந்து நிரப்பியது. வண்ணம் பூசினார்கள், உதடு படிப்பவர்களை வைத்துச் சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்துக் குரல் கொடுத்தார்கள். நடை இயல்பாக மாறும் அந்த முதல் கணத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. நூறு வருஷத்துக் கோமாளித்தனம் ஒரே வெட்டில் போய்விடுகிறது. ஆனால் நெருக்கமான முகங்களில் தோல் சில இடத்தில் மெழுகுபோல வழுக்குவதைப் பார். ஃபிலிமுக்கே உரிய துகளை ('கிரெய்ன்') துடைத்து, நடு ஃபிரேமை ஊகித்து வரைந்ததன் கூலி அது. சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்த பழைய சட்டகத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் சட்டகத்துக்குள் வைத்தது முழுவதும் இங்கே இல்லை.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இதே வேலையை உன் வீட்டுத் தொலைக்காட்சி உன்னைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கும். புதிதாக வாங்கிய எந்தத் தொலைக்காட்சியிலும் இடை ஃபிரேம் வரையும் வசதி பெரும்பாலும் ஆன் செய்தே வரும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி (பழைய செட்டுகளில் ஆட்டோ மோஷன் பிளஸ்) என்று பெயர். 24 ஃபிரேம் படத்தை 60 ஆகவோ 120 ஆகவோ ஊதிவிடும். சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும். ஜாக்சன் குழு ஒவ்வொரு ஷாட்டாக உட்கார்ந்து பார்த்துத் திருத்தியது. தொலைக்காட்சி ஓடும்போதே ஊகிக்கிறது. கம்பிவேலிக்கு முன்னால் ஒருவர் நடக்கும் காட்சியை வை. தலையைச் சுற்றிக் கம்பிகள் நெளிந்தால் அது ஆனில் இருக்கிறது. முழுவதும் அணை, 'குறைவு' என்று வைப்பதும் அரைகுறைதான். படத் தேர்வில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி', நிற வெப்பம் 'வார்ம்'. முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். இரண்டு நாளில் பழைய அமைப்புதான் நீலமாக இருந்தது என்று தெரிந்துபோகும். ஷார்ப்னெஸ் பெரும்பாலான செட்டுகளில் 0-வோ அதற்கு அருகிலோ. சோனியில் 50 தான் நடுநிலை, அதைக் கீழே இறக்கினால் படம் மங்கும். இரைச்சல் நீக்கம், 'நாய்ஸ் ரிடக்ஷன்' எதுவானாலும் அணைத்துவிடு. ஃபிலிமில் துகள்தான் படம். அதைத் துடைத்தால் முகத்தையும் சேர்த்துத்தான் துடைக்கும்.

எல்லாம் அணைத்த பிறகும் கேமரா மெதுவாக இடவலமாகத் திரும்பும்போது படம் தட்டித்தட்டிப் போகிறது என்றால், அது நொடிக்கு 24 ஃபிரேமை, நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) திரையில் அடைக்கப் பார்ப்பதன் கோளாறு. 60-ஐ 24-ஆல் வகுத்தால் மிச்சம் விழும். அதனால் ஒரு ஃபிரேம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாக மாறி மாறி நிற்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து தடவை. உன் பிளேயரில் ஃபிரேம் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடு.

வேகம் முடிந்தது, இனி வடிவம். சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவின் 'மேன் வித் எ மூவி கேமரா', 1929, 68 நிமிஷம். இது வெவ்வேறு பிரதிகளாக வாடகைக்குக் கிடைக்கும். மௌனப் படத்தில் ஃபிலிமின் முழு அகலத்திலும் படம் இருந்தது. ஒலி வந்தபோது ஒலித்தடத்துக்கு இடம் வேண்டுமே, இடது ஓரத்தில் ஒரு கீற்றை எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒலி ஃபிலிமில் நகலெடுத்த பழைய படங்களில் அந்த இடது கீற்று தொலைந்துபோனது. வெர்தோவ் மூலைவிட்டமாகச் சட்டகம் அமைப்பவர், அவர் படத்தில் கீற்று போனால் முழுச் சட்டகமும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் பாதுகாக்கப்பட்டிருந்த முழுச்சட்டகப் பிரதியிலிருந்து செய்த மீட்டெடுப்பைத் தேடி எடு. இசையும் பிரதிக்குப் பிரதி மாறும். அல்லாய் ஆர்கெஸ்ட்ரா இசை வெர்தோவ் விட்டுப்போன குறிப்புகளை வைத்துச் செய்தது. மைக்கேல் நைமன் இசை வேறு மாதிரி. என் ஓட்டு முதலாவதுக்கு. முதல் தடவை பார்க்கும்போது நைமனின் இசை படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அதில் ஓர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரை அப்படியே நின்றுவிடும். அடுத்து சில முகங்கள் நிற்கும். பிறகு பார்த்தால் அந்த முகங்கள் ஒரு பெண்ணின் கையில் ஃபிலிம் துண்டுகளாக இருக்கும். அவர்தான் படத்தொகுப்பாளர் எலிசவேத்தா ஸ்விலோவா, வெர்தோவின் மனைவி. அவர் துண்டை ஒட்டியதும் முகம் உயிர்பெற்றுச் சிரிக்கும். படத்தொகுப்பு என்றால் என்ன என்று யாராவது உன்னைக் கேட்டால் இந்த இரண்டு நிமிஷத்தைக் காட்டிவிடு, மேலே ஒன்றும் சொல்லவேண்டாம்.

வடிவத்தைச் சரிபார்க்கக் கணக்கு எளிது. பழைய சட்டகம் 4:3. உன் திரை 16:9. சரியாக வந்தால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருக்கும், ஒவ்வொன்றும் திரை அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டை இல்லாமல் திரை நிரம்பியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: முகங்கள் தட்டையாகப் பரந்திருந்தால் இழுத்துவிட்டிருக்கிறது, தலையும் தாடையும் வெட்டுப்பட்டிருந்தால் பெரிதாக்கி உயரத்தில் கால்வாசியை எறிந்துவிட்டிருக்கிறது. சக்கரம், கடிகாரம், நிலா, வட்டமான எதையாவது பார்த்தால் தெரிந்துவிடும். ரிமோட்டில் 'ஜூம்', 'வைட்' எதுவும் வேண்டாம், 'ஒரிஜினல்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' போதும். உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலமான படங்களில் பட்டை மேலும் கீழும் வரும், படம் திரை உயரத்தில் முக்கால்வாசியில் நிற்கும். கருப்புப் பட்டையால் காசு வீணாகிறது என்று நினைக்காதே, அங்கே படமே கிடையாது.

'பதேர் பாஞ்சாலி'யை 4கே மீட்டெடுப்பில் திரும்ப எடுத்தேன். நீ எப்போதோ பார்த்த கீறல் விழுந்த பிரதியை மறந்துவிடு. சத்யஜித் ராயின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் ஏற்பட்ட தீயில் கருகிப்போனவை. கருகி, உருகி, எந்த இயந்திரத்திலும் ஓடாத நிலையில் அவற்றை எடுத்து வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியின் போலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா கூடத்தில் அதற்கு ஈரமூட்டி, பிரித்து, சிதைந்த ஓரத் துளைகளைக் கையால் கட்டி, ஸ்கேன் செய்தார்கள். இந்தப் படத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே வந்தது. மீதியை வேறு இடங்களில் இருந்த நகல்களிலிருந்து சேர்த்தார்கள். அதனால் ஷாட்டுக்கு ஷாட் துகள் கொஞ்சம் மாறினால் உன் இணைப்பைக் குறை சொல்லாதே. ரயில் வரும் நாணல்பூக் காட்சியும் இரண்டு பருவத்தின் சேர்க்கைதான்: முதல் நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனபோது பூவை மாடுகள் தின்றுவிட்டிருந்தன, அடுத்த வருஷம் பூக்கும் வரை காத்திருந்தார்கள். ஒட்டு எங்கே என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரதியில் மாறுவது அழகு மட்டும் என்று நினைத்துவிடாதே. அலேன் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்', 1955, வெறும் 32 நிமிஷம். நாஜி வதைமுகாம்களைப் பற்றியது. பாழடைந்த முகாமில் கேமரா மெதுவாக நகரும் இன்றைய காட்சிகள் வண்ணத்தில், பழைய ஆவணங்கள் கறுப்பு வெள்ளையில். உரை எழுதிய ஜான் கேரோல் முகாமில் இருந்து மீண்டவர். அதில் பிரான்சில் இருந்த பிதிவியே முகாமின் ஒரு புகைப்படம் வரும். முன்னால் ஒரு காவலர் நிற்பார். அவர் தலையில் இருப்பது ஜெர்மன் தொப்பி அல்ல, பிரெஞ்சுக் காவல்படையின் தொப்பி. அதாவது, ஆட்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரான்சுக்கும் பங்கு உண்டு என்று அந்தத் தொப்பி சொல்கிறது. தணிக்கைக்காரர்கள் எடுக்கச் சொன்னார்கள். ரெனே ஷாட்டை எடுக்காமல் தொப்பியின்மேல் ஒரு உத்தரக் கட்டை வருவதுபோல வரைந்துவிட்டார். பிற்காலப் பிரதிகளில் கட்டையை எடுத்துவிட்டார்கள். உனக்கு வந்தது எது என்று அந்த இடத்தில் நிறுத்திப் பார். 'மீட்டெடுத்தது' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது பார். இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காதே. சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஒலிக்கு வருகிறேன். டாட் டக்ளஸ் மில்லரின் 'அப்பல்லோ 11', 2019, 93 நிமிஷம். பின்னணிக் குரல் இல்லை, இன்று உட்கார்ந்து நினைவுகூரும் கிழவர்கள் இல்லை, அந்த நாட்களில் எடுத்த காட்சி மட்டும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்த 65 மி.மீ. சுருள்கள் இதற்காகவே வெளியே வந்தன. ராக்கெட்டைச் சுமந்துபோகும் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரங்கள் திரையை நிறைக்கும் முதல் ஷாட்டுக்காகவே உனக்குக் கிடைக்கிற மிகப் பெரிய திரையில் பார். ஆனால் என்னை அசைத்தது வேறு. கட்டுப்பாட்டு அறையில் எடுத்த 16 மி.மீ. காட்சிகள் பெரும்பாலும் ஒலியில்லாதவை. இன்னொரு பக்கம் அதே அறையின் பேச்சு பல தட நாடாக்களில் 11,000 மணி நேரம் இருந்தது. ஸ்டீஃபன் ஸ்லேட்டர் என்பவர் உதட்டசைவையும் சுவர்க் கடிகாரத்தையும் வைத்து, எந்த வாய் எந்த நொடியில் எந்தச் சொல்லைச் சொன்னது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார். இத்தனை பாடுபட்டுப் பொருத்தியதை நம் வீட்டு சவுண்ட்பார் கலைத்துவிடக் கூடாது, இல்லையா?

சவுண்ட்பார், புளூடூத் எல்லாம் ஒலியைச் சற்றுத் தாமதமாக்கும். 24 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லி நொடி. ஒலி முந்தினால் 45 மில்லி நொடியிலேயே நமக்கு உறுத்தும்; பிந்தினால் 125 வரை தெரியாது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது, காது அதற்குப் பழகியது. அதனால் 'லிப் சிங்க்' அமைப்பை இருபது இருபதாக நகர்த்தி, சந்தேகம் வந்தால் பிந்தும் பக்கமே விடு. கதவு சாத்துவது, கைதட்டுவது போன்ற காட்சியை வைத்துச் சரிபார். பேசும் முகத்தை நம்பாதே, டப்பிங் செய்த படமாக இருந்தால் ஏமாந்துபோவாய்.

வசனம் கேட்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது கலவையின் கோளாறு. 5.1 ஒலியில் (ஐந்து ஒலிபெருக்கியும் ஒரு தாழொலிப் பெட்டியும்) வசனம் கிட்டத்தட்ட முழுவதும் நடு ஒலிபெருக்கியில் வரும். நடு ஒலிபெருக்கி இல்லாத செட்டில் அது இரண்டு பக்கமும் கரைந்துவிடும். ஒலித்தடப் பட்டியலில் 'ஸ்டீரியோ' இருந்தால் அதை எடு. அது இல்லையென்றால், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவு அமைப்பை ('நைட் மோட்') போடு. ஒலியளவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது தீர்வாகாது.

ஒலித்தடத்தைத் தேர்வதே சில நேரம் படத்தைத் தேர்வதாகிவிடும். லூக் ஜாக்கேயின் பென்குவின் படம் 2005-இல் வந்தது. பிரெஞ்சுத் தடத்தில் பென்குவின்களே 'நான்', 'நாம்' என்று பேசும், எமிலி சிமோனின் பாட்டு வரும். அமெரிக்கப் பதிப்பில் மார்கன் ஃப்ரீமன் வெளியிலிருந்து கதை சொல்வார், இசையும் வேறு ஒருவருடையது. அதே பனி, அதே பறவை. ஒன்று காதல் நாடகம், மற்றது பாடம். பறவை பேசுவது எனக்குப் பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது.

விலங்குப் படங்களில் ஒலியைக் கொஞ்சமும் நம்பாதே என்பது பொது விதி. நீண்ட லென்ஸால் வெகுதூரத்திலிருந்து எடுத்த கரடியின் காலடி ஓசை மைக்குக்கு எட்டாது. பனியை மிதிக்கும் அந்த நறநற ஓசை ஒலிக்கூடத்தில் சோளமாவுப் பொட்டலத்தைப் பிசைந்து எடுத்தது. இது ஏமாற்று இல்லை, தொழில். ஏமாற்று எது என்றால், டிஸ்னியின் 1958 படம் 'ஒயிட் வில்டர்னஸ்'. லெம்மிங் எலிகள் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாவதாக அதில் காட்டினார்கள். கடலே இல்லாத கனடாவின் ஆல்பெர்ட்டாவில், வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த எலிகளை வைத்து, ஆற்றங்கரை மேட்டிலிருந்து தள்ளிவிட்டு எடுத்தது அது. ஆஸ்கரும் வாங்கியது. கூட்டம் பெரிதாகத் தெரிவதற்கு எப்போதும் நெருக்கமான கோணமே வருகிறது பார், முழு நிலப்பரப்பையும் கூட்டத்தையும் சேர்த்து ஒரே ஷாட்டில் காட்டுவதே இல்லை. இப்படி விரிந்த ஷாட் வரவேண்டிய இடத்தில் வராமல் போனால் அங்கே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்.

நடித்துக் காட்டுவதை நேர்மையாகச் செய்யவும் முடியும். எரல் மாரிஸின் 'த தின் புளூ லைன்', 1988. டல்லஸில் 1976-இல் ஒரு காவலர் சுடப்பட்ட வழக்கு. சுடப்பட்ட அந்த இரவைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்சி சொன்னபடி. சாட்சி மாறினால் காரில் எத்தனை பேர், யார் எங்கே நின்றார் எல்லாம் மாறும். 'நடந்தது இதுதான்' என்று ஒரு தடவைகூடக் காட்டமாட்டார். காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நடிப்புக் காட்சியிலும் என்ன மாறியது என்று குறித்துக்கொண்டே பார். நாலாவதிலேயே சாட்சியங்கள் உன் கையில் உதிர ஆரம்பிக்கும். தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ராண்டல் ஆடம்ஸ் அடுத்த வருஷமே வெளியே வந்தார்.

வட்டில் எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். படம் சரியாக நடுவில் திக்கினால் ஓரத்தைத் துடை. இரண்டு அடுக்கு டிவிடியில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்து, ஓரத்தைத் தொட்டதும் இரண்டாம் அடுக்கை வெளியிலிருந்து உள்ளே படிக்கும். அதனால் படத்தின் நடுப்பகுதி வட்டின் விளிம்பில் இருக்கிறது, எல்லாரும் விரல் வைக்கிற இடத்தில். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை. வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் லேசரின் பாதையோடு சேர்ந்தே ஓடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் எடுத்தால், ஆரம்பித்ததும் சில நொடி மங்கலாக வரும். நிறுவனச் சின்னங்கள் ஓடும் வரை கணக்கில் எடுக்காதே. பனிமூட்டக் காட்சியில் வானம் படிப்படியாகக் கோடு விழுந்தால் அது ஒளிப்பதிவாளர் குற்றமல்ல, தரவு போதவில்லை. வைஃபையை விட்டுக் கம்பியில் இணைத்துப் பார்.

கடைசியாக ஒன்று எடுக்கச் சொல்கிறேன், அதற்கு முன்னேற்பாடு வேண்டும். க்ளோத் லான்ஸ்மானின் 'ஷோவா', 1985, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம், நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததைப் பற்றியது. இணைய வாடகையில் பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்து 30 நாள் கெடு, ஆனால் 'பிளே' அழுத்தியதும் 48 மணி நேரம்தான். நிபந்தனையைப் படித்துவிட்டு அழுத்து. இரண்டு பகுதியும் தனித்தனி வாடகையாகக் கிடைத்தால் நல்லது. முதலாவது நாலரை மணி நேரம், ஒரு நாளில் ஓர் இடைவேளையோடு முடிக்கலாம்.

இதில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பேசுகிறவர்களும், இன்று புல் மூடிக் கிடக்கும் இடங்களும் மட்டுமே. மொழிபெயர்ப்பாளரின் குரலையும் வெட்டாமல் வைத்திருக்கிறார். கேள்வி பிரெஞ்சில் போய், போலிஷில் திரும்பி, பதில் பிரெஞ்சில் வந்து சேரும் வரை சப்டைட்டில் வராது. அந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்துவிடாதே; பதில் சொன்னவர் தான் சொன்னது இன்னொரு மொழியில் ஒலிப்பதைக் கேட்கும் முகம் அங்கேதான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம்.

அதில் ஆப்ரகாம் பாம்பா என்ற முடிதிருத்துபவர் வருவார். நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் பெண்களின் தலைமுடியை வெட்டும்படி நிறுத்தப்பட்டவர். ஒரு கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசுவார். அவர் தொழிலை விட்டு ஓய்வு பெற்றிருந்தார். கடையைப் படத்துக்காக லான்ஸ்மான் வாடகைக்குப் பிடித்தார். கத்திரிக்கோல் முடியை உண்மையில் வெட்டுகிறதா என்று பார். கைகள் பழைய வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வாய் ஓர் இடத்தில் நின்றுவிடும், கேமரா அவரை விட்டு விலகாது.

பார்த்துவிட்டு எழுது. எழுதும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓடிய நேரத்தையும் ஒலித்தடத்தையும் குறித்துவிடு, நாம் இருவரும் ஒரே படத்தைத்தான் பேசுகிறோமா என்று எனக்குத் தெரியவேண்டும். 'நானூக்'கை 79 நிமிஷப் பிரதியில் மறுபடி எடு, வால்ரஸ் வரும் வரையாவது.

அன்புடன்,
அப்பா